ஸ்டீராய்டு ஊசி போட்டா கல்லீரலுக்கு ஒன்னும் ஆகாதாமே, உண்மையா?

ஈசூன்_பையன்:
அண்ணன்மாரே, வயசு 25. நாலு வருசமா ஜிம் போறேன், பெஞ்ச் பிரெஸ் 95 கிலோவுலயே நிக்குது. அங்க ஒரு சீனியர் சொல்றார்: "மாத்திரைதான் கல்லீரலைக் கெடுக்கும், ஊசிக்குப் பயமே வேணாம். 12 வாரம் போட்டு நிறுத்து, உடம்பு தானா பழையபடி ஆயிடும்." வாரம் 500 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், அதான் ஆண் ஹார்மோன், போடணும்னு கணக்கும் போட்டுக் கொடுத்துட்டார். அடுத்த வருசம் கல்யாணம் வேற.

இன்னொரு கூத்து. வீட்டுல வாய் தவறி ஸ்டீராய்டுன்னு சொல்லிட்டேன். அம்மா உடனே தன்னோட ஆஸ்துமா பம்பைத் தூக்கி அலமாரிக்குள்ள வச்சிட்டாங்க. "இதுலயும் அதுதானே இருக்கு"ங்கிறாங்க.

கோப்பி_ஓ_கோசோங்:
சும்மா பயமுறுத்துறாங்க தம்பி. என் கூட்டாளி பத்து வருசமா போடுறான், ஆளு கல்லு மாதிரி இருக்கான் லா.

செம்பவாங்_மாமா:
தம்பி, உன் சீனியர் சொன்னதுல பாதி சரி. அந்தப் பாதியை நம்பித்தான் நானும் 29 வயசுல போட்டேன். டயனபால், ஸ்டானசோலோல் மாதிரி மாத்திரைகளைக் கல்லீரல் லேசுல உடைக்க முடியாதபடி மாத்திச் செஞ்சிருக்காங்க, அதனால அதுக்குச் சுமை. எண்ணெயில கரைச்ச ஊசியில அந்தச் சுமை குறைவு. ஒத்துக்கிறேன். உடம்புல கல்லீரல் ஒன்னுதானா இருக்கு?

அஞ்சாவது மாசம் வேலையிடத்து மருத்துவப் பரிசோதனை. கல்லீரல் எண்கள் எல்லாம் சுத்தம். நான் சிரிச்சேன், டாக்டர் சிரிக்கல. ஹீமட்டோகிரிட், அதாவது இரத்தத்துல சிவப்பணுவோட பங்கு, 55 சதவீதம், 50 தாண்டினாலே யோசிக்கணும். நல்ல கொழுப்பு 0.6, அது ஒன்னுக்கு மேல இருக்கணும். இரத்த அழுத்தம் 150க்கு 95. "இரத்தம் குழம்பு மாதிரி கெட்டியா ஓடுது, உன் இதயம் அதைத் தள்ளுது"ன்னார். எனக்கு எங்கேயும் வலிக்கல, அதைத்தான் நினைச்சு நினைச்சுப் பார்த்தேன்.

அன்னிக்கே நிறுத்தினேன். தானா பழையபடி ஆகும்னாங்களே, ஆச்சு, ஒன்றரை வருசம் கழிச்சு. வெளியில இருந்து ஹார்மோன் வந்தா மூளை விதைக்கு உத்தரவு அனுப்புறதை நிறுத்திடும். விதை சுருங்கும், விந்தணு நிக்கும். அப்போ நாங்க குழந்தைக்கு முயற்சி பண்ணிட்டிருந்தோம். என் அறிக்கையில பூஜ்யம். மனைவிகிட்ட காரணத்தைச் சொல்ல எனக்கு மூணு வாரம் ஆச்சு. அந்த மாசங்கள்ல கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மனசு வராது, அதைப் பத்தி ஜிம்ல எவனும் பேச மாட்டான்.

உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாவே சோதிச்சிருக்கு, 1990ல முடிவு வந்தது. வாரம் 200 மில்லிகிராம்தான். 271 பேர்ல 157 பேருக்கு ஆறு மாசத்துக்குள்ள விந்தணு பூஜ்யம். உனக்குச் சொன்னது 500. கல்யாணம் அடுத்த வருசம்னு நீதான் எழுதியிருக்கே.

இங்க சிங்கப்பூர்ல டாக்டர் சீட்டு இல்லாம இது கிடைக்காது. டெலிகிராம்ல வர்ற குப்பிக்குள்ள என்ன இருக்குன்னு அதுல ஒட்டின தாளைத்தான் நம்பணும்.

வார்டு_அக்கா:
தம்பி, முதல்ல அலமாரியைத் திற. அம்மாவோட பம்புல இருக்கிறது கார்ட்டிகோஸ்டீராய்டு, மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கிற மருந்து. தசை வளர்க்கிறது ஆண் ஹார்மோன் குடும்பம். பேருதான் ஒன்னு, வேலை வேற. சொல்லாம நிறுத்தினா ஆஸ்துமா முத்தி அவசரப் பிரிவுக்கு வர வேண்டியிருக்கும், நான் பார்த்திருக்கேன். அடிச்சதும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லு, இல்லேன்னா வாய்ப்புண் பூஞ்சை வரும்.

கோப்பி அண்ணே, உங்க கூட்டாளி இதயச் சுவர் தடிச்சிருக்கான்னு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்திருக்காரா? வெளித் தோற்றத்துல அது தெரியாது.

ஈசூன்_பையன்:
பம்பு வெளிய வந்தாச்சு அக்கா. பலதுறை மருந்தகத்துல கேட்டுட்டுத்தான் இனி எதையும் நிறுத்துவேன்னு அம்மா சொல்லிட்டாங்க. மாமா, சொன்னதுக்கு நன்றி. அப்போ அந்த 95 கிலோ?

செம்பவாங்_மாமா:
எத்தனை மணி நேரம் தூங்குறே? என்ன சாப்பிடுறே?

ஈசூன்_பையன்:
இரவு ஷிஃப்ட் மாமா. அஞ்சு மணி நேரம். சாப்பாடு பெரும்பாலும் மீ கோரெங் நூடுல்ஸ்.