புதுப்பிப்பு: தளத்தைத் தொட்டதும் ஏன் முழு த்ராட்டில்?

விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும்போது, விமானத்தின் சக்கரம் தளத்தைத் தொட்டதுமே த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டும் நெம்புகோலை) முழுதாகத் தள்ள வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். "நிற்க வேண்டிய நேரத்தில் எதற்கு விசை?" என்று பலர் கேட்டீர்கள். விமானத்தை நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் கம்பியை அதன் வால் கொக்கி பிடித்ததா என்று தெரியும்வரை காத்திருந்தால், ஜெட் எஞ்சின் முழு விசைக்கு வருவதற்குள் தளம் முடிந்துவிடும். கொக்கி தவறினால் அப்படியே மேலெழ வேண்டும், இதுதான் போல்ட்டர்.

அப்போது விட்டுப்போனது: கடைசி நொடியில் மூக்கைத் தூக்கி மெதுவாக இறக்கும் ஓடுபாதைப் பழக்கம் இங்கே ஆகவே ஆகாது. விமானம் மிதந்து கம்பிகளைத் தாண்டிவிடும். 4 கம்பி உள்ள நிமிட்ஸ் வகைக் கப்பல்களில் குறி 3-வது கம்பி. உங்கள் கண் விளக்குப் பந்து (இறங்கும் உயரம் சரியா என்று கப்பலிலிருந்து காட்டும் ஒளிப்புள்ளி), நடுக்கோடு, தாக்குகோணம் (எதிர்வரும் காற்றுக்கு இறக்கை சாய்ந்திருக்கும் கோணம்) மூன்றிலேயே சுற்றட்டும். சரியான உயரத்தைக் குறிக்கும் பச்சை விளக்கு வரிசைக்குக் கீழே பந்து நழுவினால் உடனே விசை கூட்டுங்கள். தாமதித்தால் எதிரே வருவது கப்பலின் பின்விளிம்பு.