ஓவன் இக்னைட்டர் சிவக்கிறது, ஆனால் நெருப்புப் பிடிக்கவில்லை (திருகோணமலை)

உப்புவெளி கேக்:
எல்லோருக்கும் வணக்கம். உப்புவெளியில் வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கிறேன். பெரியப்பா கனடாவில் இருந்து ஊரோடு வந்தபோது கொண்டெய்னரில் கொண்டு வந்த காஸ் ஓவன்தான் பாவிக்கிறேன். 120 வோல்ட் என்பதால் டிரான்ஸ்போமர் வைத்துத்தான் ஓடுகிறது, ஐந்து வருடமாக ஒரு குறையும் சொன்னதில்லை. இப்போது இரண்டு கிழமையாகப் பிரச்சினை. ஓவனைப் போட்டால் அடியில் இருக்கும், காஸைப் பற்றவைக்கும் இக்னைட்டர் சிவக்கிறது, ஆனால் நெருப்பு வர மூன்று நான்கு நிமிடம் ஆகிறது, சில நேரம் வருவதே இல்லை. வெள்ளிக்கிழமை பட்டர் கேக் கலவையைத் தட்டில் ஊற்றி வைத்துக்கொண்டு நிற்கிறேன், கொஞ்சம் காஸ் மணம் வந்தது, பிறகு “புப்” என்ற சத்தத்தோடு பிடித்து ஓவன் கதவே ஒருமுறை ஆடியது. சின்னவள் பக்கத்தில் நின்றாள். அன்றிலிருந்து அதைப் போடவில்லை.

மேலே உள்ள நான்கு அடுப்பும் நன்றாக எரிகிறது. வந்து பார்த்த ஒருவர், “இக்னைட்டர் சிவக்குதுதானே, அப்ப அது நல்லம், வால்வுதான் போயிட்டுது, அது இங்க எடுக்கேலாது, வேற ஓவன் வாங்குங்கோ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சனிக்கிழமைக்கு இரண்டு பிறந்தநாள் கேக் ஒப்புக்கொண்டிருக்கிறேன். உண்மையிலேயே வால்வுதானா?

உவர்மலை வாசி:
அக்கா, எங்கள் வீட்டிலும் இப்படித்தான் பிடிக்காமல் இருந்தது. பற்றரியை மாற்றி, பொறி வரும் முள்ளை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தேன், சரியாகிவிட்டது. உப்புக்காற்று அதில் வெள்ளையாகப் படிந்திருந்தது. முள்ளுக்கும் பேர்னருக்கும் இடையில் நாலு மில்லிமீற்றர் அளவு இருந்தால் போதும்.

பாலையூற்று வயரிங்:
தம்பி சொல்வது டிக் டிக் என்று பொறி அடிக்கும் வகை. இங்கே கடைகளில் விற்கும் ஓவன்களில் பெரும்பாலும் அதுதான். தங்கச்சியிடம் இருப்பது வேறு, சிவந்து சூடாகிப் பற்றவைக்கும் வகை. அதில் துடைக்கவும் கூடாது, கையால் தொடவும் கூடாது.

தங்கச்சி, போடாமல் விட்டது நல்ல வேலை. இனிச் சரியாகும் வரை போடவே வேண்டாம், நெருப்புக்குச்சி கொளுத்திக் காட்டியும் பார்க்க வேண்டாம். நம் சிலிண்டரில் வரும் காஸ் காற்றைவிடப் பாரமானது, மேலே போகாது, நிலத்தோடு படிந்து நிற்கும். மணம் வந்தால் சுவிட்ச் எதையும் தட்டாமல் ரெகுலேற்றரை மூடிவிட்டு, யன்னலை மட்டும் இல்லாமல் வாசல் கதவையும் திறந்துவிடுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சிவக்கிறது என்பதால் இக்னைட்டர் நல்லது என்று சொல்வது தவறு, இந்த ஒரு பிழையால் எத்தனையோ பேர் நல்ல வால்வைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். இக்னைட்டரும் வால்வும் ஒரே வயரில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. கரண்ட் இக்னைட்டர் வழியாகப் போய்த்தான் வால்வுக்குள் இருக்கும் சின்னத் தகட்டைச் சூடாக்குகிறது, அது சூடேறி வளைந்தால்தான் காஸ் திறக்கும். இக்னைட்டரில் இருக்கும் சிலிக்கன் காபைட் கட்டை சூடாகச் சூடாகத் தன் தடையைக் குறைத்துக்கொண்டு கூடுதல் கரண்டை விடும். பழசானால் அந்தத் தடை கூடிவிடும், கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்தாலும் வால்வைத் திறக்கும் அளவுக்குக் கரண்ட் போகாது. அரைகுறையாகத் திறந்தால் காஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து சேர்ந்து, பிறகு ஒரேயடியாகப் பற்றும். உங்களுக்குக் கேட்ட “புப்” அதுதான். 90 வினாடிக்கு மேல் எடுத்தாலே இக்னைட்டரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், வால்வைச் சோதிக்கிறேன் என்று யாராவது அதற்கு நேரே 120 வோல்ட் கொடுக்க விடாதீர்கள். அதற்கு வருவது மூன்று வோல்ட் அளவுதான், நேரே கொடுத்தால் அந்த நிமிடமே எரிந்துவிடும், அதற்குப் பிறகு உண்மையிலேயே வால்வு போய்விடும்.

நிலாவெளி ரோட்:
பாலையூற்று அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனால் டிரான்ஸ்போமரை விட்டுவிட்டார். எங்கள் பக்கம் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வோல்ட் இறங்கும், 230க்குப் பதில் 200 வந்தால் அங்கே 120க்குப் பதில் 104தான் வரும், நல்ல இக்னைட்டர்கூட அதில் சோரும். டிரான்ஸ்போமர் எத்தனை வாட்? இக்னைட்டர் மட்டுமே 400 வாட் அளவு இழுக்கும், 500 வாட் சின்னப் பெட்டி என்றால் மூச்சுத் திணறும். ரெகுலேற்றரை மூடி வைத்துக்கொண்டு, ஓவனைப் போட்டு, இக்னைட்டர் சிவக்கும்போதே டிரான்ஸ்போமரில் வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். சும்மா இருக்கும்போது பார்த்துப் பயன் இல்லை. கூடவே வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீற்றர் இருந்தால் இக்னைட்டருக்குப் போகும் இரண்டு வயரில் ஒன்றை மட்டும் கவ்விப் பாருங்கள், இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் சைபர்தான் காட்டும். தட்டையான இக்னைட்டர் என்றால் 3.2 முதல் 3.6 அம்பியர், உருளை என்றால் 2.5 முதல் 3 வரை.

உங்கள் ஓவன் மணிக்கூடு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் பிந்துகிறதா? அது பழுது இல்லை. அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 50, அதனால்தான்.

உப்புவெளி கேக்:
மணிக்கூடு பிந்துவது உண்மைதான்! இத்தனை வருடமாகக் கைப்பேசியில்தான் நேரம் வைத்துக் கேக் எடுக்கிறேன்.

இவருடைய நண்பர் கிளாம்ப் மீற்றர் கொண்டு வந்தார். டிரான்ஸ்போமர் 1500 வாட். காலை பத்து மணிக்கு, சிவந்து நிற்கும்போது 117 வோல்ட். இக்னைட்டர் தட்டை வகை, ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்தும் 2.6 அம்பியருக்கு மேல் ஏறவில்லை. அப்படியானால் இக்னைட்டர்தானே?

பாலையூற்று வயரிங்:
இக்னைட்டர்தான். வோல்ட் நன்றாக இருக்கிறது, கரண்ட் மட்டும் ஏறவில்லை, இனிச் சந்தேகமே வேண்டாம். ஓவன் கதவைத் திறந்தால் சட்டத்தின் ஓரத்தில், இல்லாவிட்டால் கீழ் லாச்சிக்குப் பின்னால் மொடல் இலக்கம் ஒட்டியிருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பிக் கனடாவிலேயே வாங்கச் சொல்லுங்கள். தட்டைக்குத் தட்டைதான் போட வேண்டும், வால்வு எந்தக் கரண்டுக்குச் செய்யப்பட்டதோ அதற்குத்தான் திறக்கும். வருகிறவர் அதைக் கைப்பையில் கொண்டு வரட்டும், சூட்கேஸில் போட்டால் உடைந்துதான் வந்து சேரும்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை. பிளக்கைக் கழற்றி, ரெகுலேற்றரை மூடி, ஓவன் ஆறியபின் தட்டுகளையும் அடித்தகட்டையும் எடுத்தால் பேர்னர் தெரியும். அதன் ஓரத்தில் இரண்டு ஸ்குறூவில் இக்னைட்டர் நிற்கும். திருமலையில் அந்த ஸ்குறூ இரண்டும் துருப்பிடித்துத்தான் இருக்கும், முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள், பலத்தைக் காட்டினால் தலை முறிந்துவிடும். எண்ணெயைப் பிறகு நன்றாகத் துடைத்துவிடுங்கள். புதியதன் சாம்பல் நிறக் கட்டையில் விரல் படக்கூடாது, கை ஈரமும் எண்ணெயும் பட்ட இடம் சூட்டில் வெடிக்கும், பிடிப்பதென்றால் இரும்புச் சட்டத்தில் பிடியுங்கள். வயர் இரண்டையும் எப்படி மாற்றிக் கொடுத்தாலும் ஒன்றுதான். முனையில் பிளக் இல்லாமல் வந்தால் வெட்டி இணைக்க வேண்டும், அதற்குப் பீங்கான் மூடிதான் போட வேண்டும், கறுப்பு ரேப் சுற்றினால் ஒரு கேக் வேகும் முன்னமே உருகிவிடும்.

உப்புவெளி கேக்:
மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அந்தச் சனிக்கிழமைக் கேக் இரண்டையும் பக்கத்து வீட்டு அக்காவின் ஓவனில் போட்டுக் கொடுத்துவிட்டேன். இக்னைட்டர் ரொறன்ரோவில் இருந்து சித்தியின் மகன் கையோடு வந்தது, பீங்கான் மூடி இரண்டும் பெட்டிக்குள்ளேயே இருந்தன. ஒரு ஸ்குறூ உடனே வந்தது, மற்றது இரண்டு இரவு எண்ணெய் குடித்த பிறகுதான் அசைந்தது.

பழையதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கட்டையின் ஒரு மூலையில் தலைமயிர் அளவு வெடிப்பு, அதன் இரண்டு பக்கமும் வெள்ளையாக வெளிறியிருந்தது. ஓவனுக்குள் இருக்கும்போது தெரியவே இல்லை.

புதியதைப் போட்டுப் பார்த்தபோது 3.4 அம்பியர். 40 வினாடியில் சத்தமே இல்லாமல் பிடித்தது. நெருப்பு நீலமாக இருக்கிறது. மின்சாரம் இறங்கும் நேரத்துக்கும் பார்க்க வேண்டும் என்று நேற்று இரவு ஏழரைக்குப் போட்டேன், 55 வினாடி எடுத்தது. அது பரவாயில்லையா அண்ணா?

நிலாவெளி ரோட்:
பரவாயில்லை தங்கச்சி. 90ஐத் தாண்டினால் மட்டும் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள். நத்தார் ஓடர் வரும் நேரம், வேலை கூடினால் பகலிலேயே கேக்கைப் போட்டுவிடுங்கள்.