டேங்க்கில் மோர் கலரில் தண்ணி, டிரையர் அடியில் நிற்காத சத்தம்: ஏர் டிரையரை நானே மாற்றலாமா?

பள்ளிக்கரணை_பயணி (கேள்வி)

வண்டி லேலண்ட் பஸ் சேஸிஸ், முன் இன்ஜின், மேலே மோட்டார்ஹோம் பாடி. பின்னால் ஏர் சஸ்பென்ஷன். வருஷத்தில் பாதி நாள் நின்றே கிடக்கும். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து பிரேக் ஏர் டேங்க் ட்ரெயினைத் திறந்தால் அரை டம்ளர் தண்ணி, மோர் மாதிரி வெளுத்து வருகிறது. காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையரின் அடியில் 'ஸ்ஸ்' சத்தம் ஓயவே இல்லை. கேஜ் 7 பார் தாண்ட ரொம்ப நேரம் எடுக்கிறது. முழு டிரையரையும் வாங்கி நானே மாட்டலாம் என்று இருக்கிறேன், ஸ்பேனர் வேலை பழக்கம்தான். அதில் ஈரம் உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் மட்டும் மாற்றினால் போதுமா? பைப் எது எங்கே போகும்? டெஃப்லான் டேப் சுத்தலாமா?

மாதவரம்_ஃபிட்டர்

கழட்டறதுக்கு முன்னாடி சத்தம் எப்போ வருதுன்னு பாருங்க சார். கேஜ் ஏறிக்கிட்டு இருக்கும்போதே அடியில காத்து போனா பர்ஜ் வால்வு (டிரையர் அடியில தண்ணியை வெளிய தள்ளுற வால்வு) உட்காரல, கார்பனோ துருவோ மாட்டியிருக்கு. ஏர் ஃபுல் ஆகி 'பொஸ்'னு ஒரு தடவை அடிச்சதும் இன்ஜினை நிறுத்துங்க. அரை நிமிஷத்துல சத்தம் அடங்கணும். அடங்காம கேஜும் இறங்கினா உள்ள இருக்கிற செக் வால்வு போச்சு, டேங்க் காத்து திரும்பி வருது. இன்னொண்ணு: கம்ப்ரஸருக்கு கன்ட்ரோல் லைன் இல்லாத செட்டப்ல, டேங்க் நிறைஞ்சு அன்லோடு ஆனப்புறம் கம்ப்ரஸர் காத்து பர்ஜ் வழியாத்தான் வெளிய போகும். இன்ஜின் ஸ்பீடோட சேர்ந்து துடிக்கிற சத்தம் அது. அதை லீக்னு நினைச்சு நல்ல டிரையரைக் கழட்டிப் போடறவங்க நிறைய.

மோர் கலர்னா தண்ணியோட கம்ப்ரஸர் ஆயில் கலந்திருக்கு. ஆயில் பட்டா கார்ட்ரிட்ஜ் உள்ள இருக்கிற மணி மேல படலம் கட்டிடும், அப்புறம் தண்ணி உறிஞ்சாது. காய வச்சாலும் திரும்பாது. கம்ப்ரஸர் ரிங் தேஞ்சிருந்தா புது டிரையரும் சில மாசத்துல இதே கதிதான். டிரையர் முனையில டெலிவரி பைப்பை (கம்ப்ரஸர்ல இருந்து டிரையருக்கு வர்ற பைப்) கழட்டி, வண்டியை ஐடில்ல விட்டு, ஒரு ஜாண் தள்ளி வெள்ளை அட்டை காட்டுங்க. காத்து கொதிக்கும், கையை நேரா நீட்டாதீங்க. லேசா ஈரம், மங்கலா ஒரு கறை வந்தா பரவாயில்ல. சொட்டுச் சொட்டா கருப்பு விழுந்தா முதல்ல கம்ப்ரஸர் வேலை.

அதே பைப்புக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. கார்பன் உள்ளே ஓரம் கட்டி துவாரம் சுருங்கியிருந்தா சுரண்டாதீங்க, பைப்பையே மாத்துங்க. சுரண்டின தூள் நேரா பர்ஜ் வால்வுல போய் உட்காரும்.

ட்ரெயின்ல வெள்ளைப் பொடி வந்தா கார்ட்ரிட்ஜ் உடைஞ்சு மணி தூளாகிடுச்சுன்னு அர்த்தம். அப்போ கார்ட்ரிட்ஜ் மாத்தினா மட்டும் பத்தாது, டேங்க், வால்வு எல்லாம் கழுவணும்.

நான்குவழி_வால்வு

மாற்றும் முறையைச் சொல்கிறேன்.

சமதளத்தில் நிறுத்தி எல்லாச் சக்கரத்துக்கும் இருபுறமும் கட்டை கொடுங்கள். ஏர் இறங்கினால் பின் பிரேக் ஸ்பிரிங் தானே பிடித்துக்கொள்ளும், உண்மைதான், ஆனால் அதை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது. உங்கள் வண்டியில் ஏர் சஸ்பென்ஷன் இருப்பதால் அடுத்த வரி முக்கியம்: ஏரை இறக்கும் முன்பே சேஸிஸ் ஃபிரேமுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். சஸ்பென்ஷனின் காற்றுப் பையான பெல்லோ காலியானால் பாடி சட்டென்று அமரும். கீழே தலை இருந்தால் நசுங்கும். லெவலிங் ஜாக்கை ஸ்டாண்டாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

பிறகு எல்லா டேங்க்கையும், டிரையருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன டேங்க்கையும் சேர்த்து, காலி செய்யுங்கள். கேஜ் பூஜ்யம் காட்டினாலும் சின்ன டேங்க்கில் காற்று மிச்சமிருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு நட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, சத்தம் நின்றபின் முழுதும் கழற்றுங்கள்.

பைப் குழப்பத்துக்குத் தீர்வு டிரையர் உடம்பிலேயே இருக்கிறது. வார்ப்பில் எண் பொறித்திருக்கும்: 1 கம்ப்ரஸரிலிருந்து வருவது, 21 நான்குவழி வால்வுக்குப் (காற்றை ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் பிரித்துக் கொடுப்பது) போவது, 22 அந்தச் சின்ன டேங்க்கின் வழி, 3 காற்று வெளியே போகும் வாய். கம்ப்ரஸருக்கு கன்ட்ரோல் லைன் இருந்தால் அது 4 அல்லது 23. கழற்றும்போதே டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். 21, 22 மாறினால் ஏர் ஏறுவது போலவே தெரியும், ஆனால் கார்ட்ரிட்ஜ் ஒருநாளும் காயாது.

ஈ.சி.ஆர். உப்புக்காற்று பட்ட வண்டி என்றால் முந்தின நாள் மாலையே மரைகளுக்கு ரஸ்ட் ஆயில் விடுங்கள். 27, 30, 32 ஸ்பேனர் இரண்டிரண்டு தேவைப்படும். ஒன்றால் ஃபிட்டிங்கைப் பிடித்து, மற்றொன்றால் நட்டைத் திருப்புங்கள். டிரையர் உடம்பு அலுமினியம், ஒற்றை ஸ்பேனரால் முறுக்கினால் மரையோடு வந்துவிடும்.

டெஃப்லான் டேப் வேண்டவே வேண்டாம். இவை நேர்மரை, மூடுவது வாஷரும் ஓ-ரிங்கும்தான், மரை அல்ல. டேப் நார் பிய்ந்து நான்குவழி வால்வில் சிக்கினால் ஒரு சர்க்யூட்டுக்குக் காற்றே போகாது. பிரேக்கில் இது விளையாட்டு இல்லை. ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ் துளி போதும். M22 மரைக்கு 50 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கினால் போதும், நீளக் குழாய் போட்டு இழுக்காதீர்கள்.

புது டிரையர் வாங்கும்போது பழையதன் தகட்டு எண்ணோடு ஒப்பிடுங்கள், கட்-அவுட் அழுத்தத்தோடு (ஏர் நிறைந்து ஏற்றுவது நிற்கும் அளவு) சேர்த்து. உங்கள் சிஸ்டம் 8 பார் அளவில் இருக்கும்போது 10 பார் டிரையர் தப்பு. பழைய சேஸிஸில் அன்லோடர் வால்வு (ஏர் நிறைந்ததும் கம்ப்ரஸர் காற்றை வெளியே விடுவது) தனியாக இருந்தால், அன்லோடர் உள்ளேயே இருக்கும் டிரையரை அதனுடன் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டும் ஆளுக்கொரு அழுத்தத்தில் வேலை செய்யும். ஜி.பி. ரோட்டில் கேட்டால் எண்ணைப் பார்த்து எடுத்துத் தருவார்கள். புதுப்பேட்டையில் கழற்றிப் போட்ட டிரையர் பிரேக்குக்கு வேண்டாம்.

கார்ட்ரிட்ஜ் மட்டும் மாற்றினாலும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மரை பாருங்கள், இடதுமரையும் உண்டு. முறுக்கு அளவு டப்பா மேலேயே அச்சிட்டிருக்கும்.

பெருங்களத்தூர்_ஏர்லைன்

எல்லாரும் டிரையரைப் பேசுகிறீர்கள். எனக்குச் சந்தேகம் டிரையர் இருக்கும் இடத்தில்.

சென்னை மழைக்காலக் காற்று 30 டிகிரியில், 80% ஈரத்தில், கன மீட்டருக்கு 24 கிராம் அளவு நீராவி வைத்திருக்கும். கேஜ் 8 பார் காட்ட ஒன்பது கன மீட்டர் காற்றை ஒரு கன மீட்டருக்குள் திணிக்க வேண்டும். அதாவது 216 கிராம் தண்ணீர். டேங்க் 40 டிகிரியில் இருந்தால் நீராவியாகத் தங்குவது 51 கிராம்தான். மிச்சம் 165 கிராம் எங்காவது தண்ணீராக விழுந்தே தீரும். குளிர்நாட்டில் அது உறைந்துவிடும் என்று பயப்படுவார்கள். நமக்கு இங்கே துருவும் மோரும்.

அந்த 165 கிராமில் பெரும்பங்கு டிரையரின் அடியிலேயே விழுந்து பர்ஜில் போக வேண்டும். அதற்கு உள்ளே வரும் காற்று 65 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அதைவிடச் சூடாக வந்தால் தண்ணீர் நீராவியாகவே டிரையரைத் தாண்டி டேங்க்கில் ஆறி விழும். மோட்டார்ஹோம் கட்டுபவர்கள் கழிவுநீர் டேங்க்குக்கு இடம் தேடி டிரையரை கம்ப்ரஸர் பக்கம் நகர்த்தி, டெலிவரி பைப்பைக் குட்டையாக வெட்டிவிடுவது அடிக்கடி நடப்பது. உங்கள் வண்டியில் நீளம் எவ்வளவு?

அடுத்தது, கார்ட்ரிட்ஜ் காய்வது கட்-அவுட் ஆகும்போது மட்டும்தான். 22 வழியாகச் சின்ன டேங்க்கில் சேர்ந்த உலர்ந்த காற்று தலைகீழாகப் பாய்ந்து ஈரத்தை அடித்துப் போகும். ஏர் ஹார்ன், ஏர் கதவு என்று டி-ஜாயின்ட் போட்டு இழுத்த லைனில் சின்ன லீக் இருந்தாலும், வேளச்சேரி டிராஃபிக்கில் ஐடிலில் நிற்கும் வண்டியில் கட்-அவுட் தொடவே தொடாது. அப்போது எந்த டிரையரும் தோற்கும். சோப்புத் தண்ணீர் அங்கே முதலில்.

பள்ளிக்கரணை_பயணி

அளந்தேன். டெலிவரி பைப் முக்கால் மீட்டர். 1-ஆம் வாயில் டெம்பரேச்சர் கன் காட்டியது 58. நல்ல நிலைமைதானே? அட்டையில் ஒரு மங்கல் வட்டம், சொட்டு இல்லை. ஏர் ஏறும்போதே அடியில் சத்தம்.

பெருங்களத்தூர்_ஏர்லைன்

பளபளக்கும் ஃபிட்டிங்கில் அந்தக் கன் குறைத்துத்தான் காட்டும். கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டி, ஏர் ஏறும் நேரத்தில் மறுபடி பாருங்கள்.

பள்ளிக்கரணை_பயணி

டேப் ஒட்டியபின் 86.

மாதவரம்_ஃபிட்டர்

அதான் சார் விஷயம். கம்ப்ரஸர் நல்லாருக்கு, டிரையரை மாத்துங்க, பர்ஜ் வால்வும் புதுசா வந்துடும். ஆனா பைப் ரெண்டு மீட்டராவது இருக்கணும். ஸ்டீல் பைப், இல்லேன்னா டெஃப்லான் உள்ள கம்பிப்பின்னல் ஹோஸ். நைலான் இந்த இடத்துல உருகிடும். சைலன்சர் பக்கம் விடாம, காத்து படற ஃபிரேம் பக்கமா கொண்டு போங்க. கம்ப்ரஸர்ல இருந்து டிரையர் வரைக்கும் சரிவு ஒரே வாட்டமா இறங்கணும். நடுவுல தொங்கினா அங்கேயே தண்ணி நின்னு அடைக்கும்.

மாட்டினதும் பூஜ்யத்துல இருந்து ஏத்துங்க. கட்-அவுட்ல ஒரு 'பொஸ்', அப்புறம் அரை நிமிஷத்துக்குள்ள அடங்கற சீறல், அவ்வளவுதான் வரணும். பிரேக்கை மிதிச்சு மிதிச்சு இறக்கி, கம்ப்ரஸர் எந்த பார்ல திரும்ப ஏத்த ஆரம்பிக்குதுன்னு எழுதி வைங்க. இன்ஜின் ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் கேஜ் அசையக் கூடாது. கூட ஒருத்தர் பெடலை மிதிச்சுப் பிடிக்க, நீங்க ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் சோப்புத் தண்ணி வைங்க. வார்னிங் பஸர் வேலை செய்யுதான்னு பாருங்க. காலி இடத்துல மெதுவா ஓட்டி பிரேக் பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் ரோட்டுக்கு எடுக்கணும்.

முதல் வாரம் தினமும் ட்ரெயின் திறங்க. பழைய தண்ணி மூலையில ஒட்டிட்டு இருக்கும், கொஞ்சம் வரும், பயப்படாதீங்க. ரெண்டாவது வாரமும் வந்தா டி-ஜாயின்ட் லைனைத் தேடுங்க.