வெயில் வராத ஃபிளாட்டில் கீரை வளர்க்கலாமா, விட்டுவிடலாமா?

இரண்டாம்மாடி:
வேளச்சேரியில் வாடகை ஃபிளாட். எதிர்க் கட்டடம் மறைப்பதால் சன்னலில் வெயிலே விழுவதில்லை, மொட்டை மாடியில் தொட்டி வைக்கவும் அனுமதி இல்லை. ஹாலில் கொத்தமல்லி போட்டேன், வெளிறி நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிட்டது. வீட்டுக்குள் வேறு ஏதாவது வருமா?

செம்மண்:
விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் உச்சிவெயில் 1 லட்சம் லக்ஸ் வரை போகும், விளக்குப் போட்ட ஹாலில் சில நூறு லக்ஸ்தான். நம் கண் பழகிக்கொள்வதால் வெளிச்சமாகத் தெரிகிறது, ஆனால் செடி பட்டினி கிடக்கிறது. நூல் மாதிரி நீண்டதே வெளிச்சத்தைத் தேடித்தான், அதற்கு எந்த உரம் போட்டும் பயனில்லை. கறிவேப்பிலை, தக்காளி, மிளகாய் என்று ஆசைப்பட்டு நர்சரியில் காசைக் கொட்டி, கடைசியில் காய்ந்த தொட்டிகளோடு நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சன்னலோரம்:
கறிவேப்பிலைக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் எல்லாவற்றையும் வளர்ந்த செடியாகவே நினைக்கிறீர்கள். வெந்தயத்தை ராத்திரி ஊறவைத்து, ஹோட்டல் பார்சல் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, இரண்டு அங்குலம் தேங்காய் நார்த்தூள் நிரப்பி, மேலே நெருக்கமாகப் பரப்பி ஈரத்துணியால் மூடுங்கள். முளைத்ததும் துணியை எடுத்துவிட்டு, வீட்டில் வெளிச்சம் அதிகமான இடத்தில் வைத்தால் போதும், 10 நாளில் கத்தரிக்கோலால் வெட்டலாம். முதல் சில நாள் விதையில் இருக்கும் சத்திலேயே அது வளர்ந்துவிடும். என் சன்னல் வடக்குப் பார்த்தது, இரண்டு வருடமாக இதைத்தான் பருப்பில் போடுகிறேன்.

செம்மண்:
அது முளைக்கட்டிய தானியத்துக்கு அடுத்த படி, அவ்வளவுதான். அடியோடு வெட்டினால் திரும்பத் தளிர்க்காது, ஒவ்வொரு முறையும் புது விதை வேண்டும். இதைத் தோட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சன்னலோரம்:
பெயர் எதுவானாலும் தட்டுக்கு வருகிறதே! திரும்பத் திரும்பப் பறிக்க வேண்டுமென்றால் புதினா இருக்கிறது. சந்தையில் வாங்கிய கட்டில் நல்ல தண்டாக நாலைந்து எடுத்துத் தண்ணீரில் நிறுத்தி, வேர் விட்டதும் தொட்டியில் நடலாம். அதற்கு விளக்கு தேவை, ஒப்புக்கொள்கிறேன். 20 வாட் எல்ஈடி ட்யூப் தினம் 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 7 யூனிட் சொச்சம். செடிக்கு அரை அடி மேலே தொங்கவிட வேண்டும், சீலிங்கில் மாட்டினால் வீண். கட்டாக வாங்கி நாலு தண்டு கிள்ளிவிட்டு மீதியை அழுகவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இதை ஆரம்பித்தேன்.

செம்மண்:
சரி, துவையலுக்குக்கூட ஆகாத நாலு கொத்துக்கு 7 யூனிட் என்பது எனக்கு ஒத்துவராது. வெந்தயத்தை வேண்டுமானால் முயன்று பார்க்கட்டும். ஆனால் ஒன்று, தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நின்றால் டெங்கு கொசு முட்டையிடும். வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவுங்கள், சும்மா கொட்டினால் ஓரத்தில் ஒட்டிய முட்டை போகாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை மறக்கவே கூடாது.

இரண்டாம்மாடி:
இருவருக்கும் நன்றி. இன்றைக்கே ஊறவைக்கிறேன். மளிகைக்கடை வெந்தயம் போதுமா, விதைக்கடையில் வாங்க வேண்டுமா?

சன்னலோரம்:
மளிகை வெந்தயமே போதும். விதைக்கடையில் சில விதைகளுக்கு மருந்து பூசியிருப்பார்கள், பத்தே நாளில் வெட்டிச் சாப்பிடப்போவதற்கு அது வேண்டவே வேண்டாம்.

செம்மண்:
இதில் எனக்கும் மறுபேச்சு இல்லை.