பழைய கம்பைலரில் கர்னல் கட்டிய அனுபவம் உண்டா? பகிருங்கள்

சிப்புட் செம்பனை:
சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கணினி வேலை பார்க்கிறேன். குலை லாரிகள் ஏறி நிற்கும் எடைமேடையில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஓடும் பழைய கணினி ஒன்று இருக்கிறது. எடையை வாங்கித் தரும் சீரியல் கார்டு செத்துப்போய் புதிது வாங்கினோம். அதை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்கு லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் 5.15 வேண்டுமாம். அங்கேயே கட்டப் பார்த்தேன், தொடங்கியதுமே நின்றுவிட்டது: கம்பைலர் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது) பழசு, உன்னுடையது 4.8.5, குறைந்தது 5.1 வேண்டும். வெளியே லாரி வரிசை ரோடு வரை நிற்கிறது, கிராணி எடையைக் கையால் எழுதுகிறார். சரிபார்க்கும் ஸ்கிரிப்டில் 5.1-ஐ 4.8 என்று மாற்றிவிடலாமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

தோட்டத்து அண்ணன்:
தம்பி, அந்த எண்ணில் கை வைக்க வேண்டாம். 4.8 என்றால் பாதி வழியில் பிழை கொட்டி நின்றுவிடும், அது பரவாயில்லை. சத்தமே இல்லாமல் கட்டிக் கொடுத்துவிடும் கம்பைலர்தான் ஆபத்து.

எங்கள் தோட்ட ஆபீசில் சம்பளக் கணக்கு வைத்திருந்த ஓர் ஆர்ம்64 (போன்களில் இருக்கும் பிராசசர் வகை) போர்டில் அதைப் பார்த்தேன். கர்னல் ஜிசிசி 4.9-இல் கட்டியது, உங்கள் 4.8.5-உம் இதே ஜிசிசி கம்பைலர்தான். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும், திடீரென்று ஒரு நாள் எக்ஸ்ட்4 செக்சம் பிழை, அதாவது டிஸ்க்கில் உள்ள தகவல் கெட்டிருக்கிறது என்று கத்தும். டிஸ்க்கை மாற்றினோம், பவர் சப்ளையை மாற்றினோம், போகவில்லை. 2021 ஜனவரியில் ஆர்ம் கர்னல் பராமரிப்பாளர் ரசல் கிங் இதே தொல்லையைத் துரத்திக்கொண்டு போனார். முதலில் சந்தேகம் பிராசசர் மெமரியைப் படித்து எழுதும் வரிசை மேல்தான் விழுந்தது. கடைசியில் மாட்டியது ஜிசிசி 4.9. ஒரு ஃபங்ஷன் முடியும் இடத்தில் அது ஸ்டாக் பாயின்டரை (தற்காலிக மெமரியின் எல்லைக் குறியை) முதலில் நகர்த்திவிடும், விட்டுவந்த இடத்திலிருந்து மதிப்பை அப்புறம்தான் படிக்கும். அந்த இடைவெளியில் ஓர் இன்டர்ரப்ட் (வேலையை இடைமறிக்கும் அழைப்பு) புகுந்தால் அங்கே வேறு எதையாவது எழுதிவிட்டுப் போகும். எப்போதாவது ஒருமுறைதான் நடக்கும் என்பதால் யாரும் கம்பைலரைச் சந்தேகிக்கவில்லை. அதன் பிறகு ஆர்ம்64-க்கு 5.1 கட்டாயமானது. அதே ஆண்டு 5.15-இல் எல்லாப் பிராசசர் வகைக்கும் அதுவே வரம்பு. நீங்கள் முட்டி நிற்பது அந்தச் சுவரில்தான். நம் சம்பளக் கணக்கைக் காப்பாற்றும் சுவர் அது.

இன்னொன்று, கம்பைலரைக் கைவிட்டார்கள் என்றால் உங்கள் கணினியைக் கைவிட்டார்கள் என்று ஆகாது. கட்டும் இடம் வேறு, ஓடும் இடம் வேறு. புதிய டெபியன் போட்ட லேப்டாப்பில் கட்டி, பென்டிரைவில் கொண்டுபோய்ப் போடுங்கள், பழைய கணினியில் தாராளமாக ஓடும். கார்டு டிரைவரையும் அதே கம்பைலரில் கட்டுங்கள், இல்லாவிட்டால் வேறு தலைவலி. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-உடன் ஆதரவு முடிந்துவிட்டது, அதையும் மேனேஜர் காதில் போட்டு வையுங்கள்.

கூலிம்காரன்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2018 வரை கர்னல் கட்ட ஜிசிசி 3.2-ஏ போதும் என்றிருந்தது, அது 2002-இல் வந்த கம்பைலர். அப்புறம் 4.6, 4.8, 4.9, 5.1 என்று அடுத்தடுத்து ஏறி, 2025-இல் வந்த 6.16 கர்னலில் 8.1 ஆகிவிட்டது. ஜிசிசி 7-உடன் வந்த உபுண்டு 18.04-ஐ நம்பி இருந்த எங்கள் பில்ட் சர்வர் அதில் விழுந்தது. என்றாலும் கர்னல் 5.18-இல் சி மொழியின் 2011 வடிவமான சி11-க்கு மாறியதன் அருமை டிரைவர் எழுதுகிறவனுக்குத் தெரியும். லூப்புக்குள்ளேயே மாறியை அறிவிக்கலாம், லூப் முடிந்த பிறகு தப்பான சுட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. பழைய கம்பைலருக்காகச் சுற்றி வளைத்து எழுதச் சொன்னால் இதெல்லாம் நடக்குமா?

சிப்புட் தம்பி, லேப்டாப்பில் கட்டும்போது எடைமேடைக் கணினியின் கர்னல் அமைப்புகள் உள்ள கான்ஃபிக் கோப்பையே எடுத்து வைத்துத் தொடங்குங்கள். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கர்னலை அழிக்காமல் விடுங்கள். லாரி இல்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து மாற்றுங்கள்.