ஸ்பேர் டிஸ்க் இருந்தும் ரீபில்ட் ஆகலை, அவசர உதவி

அச்சக செல்வா (யாங்கோன், மியான்மர்)
வணக்கம் அண்ணன்மாரே. சர்வர்ல ஒரு டிஸ்க்ல சிவப்பு லைட். ஹாட் ஸ்பேர் (ஒரு டிஸ்க் போனா அதோட டேட்டாவைத் தன்மேல திரும்ப எழுதிக்கிட்டு, அதாவது ரீபில்ட் ஆகி, அந்த இடத்துக்கு வரவேண்டிய டிஸ்க்) போட்டுத்தான் இருக்கு, ஆனா அது பாட்டுக்குப் பச்சை லைட்டோட சும்மா உட்கார்ந்திருக்கு. காலையிலேர்ந்து கீ கீன்னு கத்துது, முதலாளி மாடியிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறார். திஞ்சானுக்கு (எங்க ஊர் புத்தாண்டு) முன்னாடி கொடுக்க வேண்டிய காலண்டர் வேலை எல்லாம் அதுக்குள்ளதான். ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவா?

கோவை மின்னல்
ரீஸ்டார்ட் வேண்டாம். என்ன கார்டு? ரெய்டு (பல டிஸ்க்கை ஒண்ணாச் சேர்க்கற முறை) எத்தனை? மொத்தம் எத்தனை டிஸ்க், என்ன சைஸ்?

மௌலமைன் மணி
தம்பி, முதல்ல அலாரத்தை மட்டும் அமர்த்துங்க, முதலாளி தானா உள்ளே போயிடுவார். எந்த டிஸ்க்கையும் கையால உருவாதீங்க. சிவப்புக்குப் பக்கத்துல இருக்கறதை உருவிட்டு அழுதவங்களை நான் பார்த்திருக்கேன்.

சேமிப்புச் சித்தர்
"வயிறு வலிக்குது, மருந்து சொல்லுங்க" என்பது போல இருக்கிறது கேள்வி. கேட்கும் முன் என்னென்ன தரவேண்டும் என்று நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்தது அலங்காரத்துக்கு அல்ல.

அச்சக செல்வா
மன்னிக்கணும் சார், கரண்ட் போறதுக்குள்ள எழுதிடணும்னு அவசரம். மெகாரெய்டு கார்டு. ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தாங்கறது). அதுல எல்லாம் 4 டிபி, ஸ்பேரும் 4 டிபி. ஸ்பேர் மட்டும் வேற கம்பெனி. எனக்கு முன்னாடி இருந்தவர் போட்டுட்டுப் போனது.

வட்டுப்பூச்சி
வேற கம்பெனியா? கேஸ் முடிஞ்சது. செக்டர் குறைவா இருக்கும். 4 டிபின்னா 512 பைட் கணக்குல 7,81,40,37,168 செக்டர் இருக்கணும். ஒண்ணு ரெண்டு குறைஞ்சாக்கூட கார்டு ஏத்துக்காம போகலாம். இல்லேன்னா மத்ததெல்லாம் சாஸ், ஸ்பேர் சாட்டாவா (டிஸ்க்கை இணைக்கற ரெண்டு வேற வகை) இருக்கும். பார்த்துச் சொல்லுங்க.

அச்சக செல்வா
எல்லாத்துலயும் 3.638ன்னுதான் காட்டுது அண்ணே. இதுவே ஏமாத்தா? 4ன்னு சொல்லித்தானே வித்தான்.

வட்டுப்பூச்சி
ஏமாத்து இல்லை. விக்கிறவன் ஆயிரத்தால வகுக்கிறான், கார்டு 1024ஆல வகுக்குது. இது சாஸா சாட்டாவா, அதைச் சொல்லுங்க.

டர்பன் தேவன்
டிஸ்க் ஏன் போச்சுன்னு யாருமே கேக்கலையே. இங்கே தென்னாப்பிரிக்காவுல ஸ்டேஜ் 6 லோட் ஷெட்டிங் (முறை வெச்சுக் கரண்டை நிறுத்தறது) ஓடின நாள்ல என் வீட்டு டிஸ்க் ரெண்டு போச்சு. கரண்ட் போறப்ப அடி இல்லை, திரும்பி வர்றப்பதான். செல்வா, யுபிஎஸ் பேட்டரி வாங்கி எத்தனை வருஷம்?

அச்சக செல்வா
அண்ணே, அதேதான்! லாக்ல டிஸ்க் விழுந்த நேரம் 20:12. நேத்து ராத்திரி எட்டு மணி வாக்குலதான் எங்க தெருவுல கரண்ட் போச்சு.

டர்பன் தேவன்
நான் சொல்லலை?

கோவை மின்னல்
ஒரு நிமிஷம். கார்டோட கடிகாரம் உள்ளூர் நேரமா, யுடிசியா (உலகப் பொது நேரம்)? பல இடத்துல யுடிசியிலேயே விட்டுடுவாங்க. அப்படின்னா அஞ்சரை மணி கூட்டணும், ராத்திரி 1:42.

மௌலமைன் மணி
அது உங்களுக்கு. எங்களுக்கு மியான்மர்ல ஆறரை. 2:42. தம்பி, அந்த நேரம் கரண்ட் இருந்துச்சா?

அச்சக செல்வா
கார்டுல இப்ப என்ன மணி காட்டுதுன்னு பார்த்தேன். யுடிசிதான். ராத்திரி 1லேர்ந்து 5 வரைக்கும் எங்க முறை, கரண்ட் இருந்துச்சு. ஃபேன் ஓடினது நல்லா ஞாபகம் இருக்கு, கொசு இல்லாம தூங்கின ஒரே ராத்திரி அது.

டர்பன் தேவன்
எட்டு மணி அடியில நொந்துபோன டிஸ்க், ரெண்டே முக்காலுக்கு உயிரை விட்டிருக்கும்.

சேமிப்புச் சித்தர்
கற்பனை வளம் வாழ்க. இதற்கிடையில் எல்லாரும் "ஹாட் ஸ்பேர்" என்றே எழுதுகிறீர்கள். "தயார்நிலை வட்டு" என்று எழுத எத்தனை விநாடி கூடுதலாகும்?

வட்டுப்பூச்சி
செல்வாவோட முதலாளிகிட்ட தயார்நிலை வட்டு தயாரா இல்லைன்னு சொல்லிப் பார்க்கச் சொல்லுங்க.

கோவை மின்னல்
எங்க ஊர்ல கார் டிக்கியில கிடக்கறது ஸ்டெப்னி. டிஸ்க்குக்கும் அதே போதும்.

சேமிப்புச் சித்தர்
அது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஒரு தெருவின் பெயர். அங்கே தொடங்கிய கம்பெனி விற்ற சக்கரத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதுவா தமிழ்?

கோவை மின்னல்
எங்க மெக்கானிக்குக்கு லனெல்லி தெரியாது, ஸ்டெப்னி தெரியும். ரெய்டுல வர்ற ஐ-க்கே முதல்ல மலிவுன்னு அர்த்தம், அப்புறம் தனித்ததுன்னு மாத்திக்கிட்டாங்க. பேர்ல என்ன சார் இருக்கு.

(இதன்மேல் மேலும் பதினோரு பதில்கள், அவற்றில் மூன்று "உதிரி" என்ற சொல் பூவுக்கா பாகத்துக்கா என்பது பற்றி.)

மௌலமைன் மணி
ஸ்டெப்னி சண்டை கிடக்கட்டும். அது எந்த வண்டியோட ஸ்டெப்னின்னு யாராவது கேட்டோமா? தம்பி, ஸ்டோர்சிஎல்ஐ (கார்டுகிட்ட பேசற கமாண்ட் புரோகிராம்) இருக்கா? எல்லா டிஸ்க்கையும் பட்டியல் போடச் சொல்லி, ஸ்லாட், ஸ்டேட், டிஜி (எந்த டிஸ்க் குழுன்னு சொல்ற எண்) மூணு நெடுவரிசையையும் அப்படியே இங்கே எழுதுங்க.

அச்சக செல்வா
எழுதிட்டேன் அண்ணே:
0, 1: ஆன்லைன், டிஜி 0 (1 டிபி)
2, 3, 5, 6: ஆன்லைன், டிஜி 1
4: யூபேட் (கெட்டுப்போனது), டிஜி இடத்துல வெறும் கோடு (-)
7: டிஹெச்எஸ், டிஜி 0
எல்லாம் சாட்டாதான். விண்டோஸ் அந்த 0, 1ல இருக்கு, மிரர் (ரெண்டுலயும் ஒரே டேட்டா).

மௌலமைன் மணி
இதோ பாருங்க. 7-ல டிஹெச்எஸ், டிஜி 0. டி-ன்னா டெடிகேட்டட், அதாவது ஒரே குழுவுக்கு ஒதுக்கின ஹாட் ஸ்பேர். உங்க முன்னோர் ஸ்பேரை விண்டோஸ் மிரருக்கு மட்டும்னு எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார். உடைஞ்சது டிஜி 1. பக்கத்து வீடு எரிஞ்சாலும் அது எழுந்திருக்காது. 1 டிபி மிரருக்கு 4 டிபி காவல்காரன்!

வட்டுப்பூச்சி
செக்டர் இல்லையா அப்போ. சரி.

மௌலமைன் மணி
இப்போ எதையும் செய்யறதுக்கு முன்னாடி திஞ்சான் வேலையோட ஃபைலை மட்டும் வெளி டிஸ்க்குக்கு இழுத்துடுங்க, ரீபில்ட் ஆரம்பிச்சா எல்லாம் மெதுவாயிடும். அப்புறம் 7-ஐ ஹாட் ஸ்பேர்லேர்ந்து நீக்குங்க, யூகுட் (எதுக்கும் ஒதுக்காத நல்ல டிஸ்க்) ஆகும். திரும்ப ஹாட் ஸ்பேரா சேருங்க, டிஜி எண் கொடுக்காம. ஜிஹெச்எஸ் (எல்லாக் குழுவுக்கும் பொதுவான ஸ்பேர்) ஆகும், ரீபில்ட் தானா ஓட ஆரம்பிக்கும். இனிஷியலைஸ்னு எது கேட்டாலும் வேண்டாம்னு சொல்லுங்க. 4-ஐ எடுக்கறப்ப லொகேட் கொடுத்து லைட்டை மினுக்க வெச்சுட்டு எடுங்க.

சேமிப்புச் சித்தர்
ரெய்டு 5-ல் மீதமுள்ள நான்கு வட்டுகளையும் முழுதாகப் படிக்க வேண்டும், 16 டிபி. சாதாரண வட்டுக்குக் கொடுக்கும் கணக்கு 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை, அதாவது 12.5 டிபிக்கு ஒன்று. முடிவை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ரெய்டு 6 (இரண்டு வட்டு போனாலும் தாங்குவது) போட்டிருக்க வேண்டும் என்று எத்தனை முறை சொல்வது.

கோவை மின்னல்
சார், அது கம்பெனி தர்ற உச்சவரம்பு, ஜாதகம் இல்லை. 12.5 தாண்டினா பிழை வந்தே தீரணும்னா மாசாமாசம் பேட்ரோல் ரீட் (டிஸ்க் முழுக்கப் படிச்சுச் சரிபார்க்கறது) ஓட்டற எவன் டிஸ்க்கும் மிஞ்சியிருக்காது. இப்படிப் பயமுறுத்தினா அந்தத் தம்பி பட்டனையே தொடமாட்டான்.

டர்பன் தேவன்
யுபிஎஸ் பேட்டரி பத்தி இன்னும் பதில் வரலை.

(செல்வாவிடமிருந்து மறுநாள் முழுக்கச் சத்தமில்லை.)

வட்டுப்பூச்சி
செல்வா? உயிரோட இருக்கீங்களா?

மௌலமைன் மணி
நெட் இருக்காது, இல்லேன்னா முறை மாறியிருக்கும். வருவார்.

அச்சக செல்வா
வந்துட்டேன். மணி அண்ணன் சொன்ன மாதிரியே பண்ணேன். சேர்த்த உடனே 0 சதவீதம்னு ஓட ஆரம்பிச்சுது. 61ல கரண்ட் போச்சு, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க ஆள் அனுப்பறதுக்குள்ள யுபிஎஸ் படுத்துடுச்சு (தேவன் அண்ணே, பேட்டரிக்கு அஞ்சு வருஷம்). திரும்ப வந்ததும் விட்ட இடத்துலேர்ந்து ஓடிச்சு. இன்னிக்கு விடியக்காலை முடிஞ்சது. காலண்டர் ஃபைல் எல்லாம் திறக்குது. மெஷின்ல பிளேட் ஏத்தியாச்சு. நன்றி.

டர்பன் தேவன்
அஞ்சு வருஷம். கேட்டீங்களா எல்லாரும்?

மௌலமைன் மணி
சந்தோஷம் தம்பி. 7-ல இருந்தது இப்போ உள்ளே போயாச்சு, ஸ்பேர்னு ஒண்ணும் இல்லை. 4-க்குப் புதுசு வாங்கியாச்சா? திஞ்சானுக்குக் கடையெல்லாம் அடைச்சுடுவான்.

மௌலமைன் மணி
செல்வா?