குப்போலாவில் கோக் மாற்றியதும் இரும்புக்குச் சூடு பத்தவில்லை

சிப்காட்_வார்ப்பு (ராணிப்பேட்டை):
வணக்கம். 30 அங்குல உள்விட்டக் குப்போலா (கோக், அதாவது காற்றில்லாமல் சுட்ட நிலக்கரி, எரித்து இரும்பை உருக்கும் நெட்டை உலை), பம்ப் வார்ப்பு. சார்ஜுக்கு (ஒரு தடவை உலையில் போடுவது) இரும்பு 320 கிலோ, கோக் 40 கிலோ, காற்றழுத்தம் 350 மி.மீ. தண்ணீர். புது லோடு கோக்கில் முதல் மூன்று லேடில் (உருகிய இரும்பைப் பிடிக்கும் கலம்) சரி. அப்புறம் 1350 டிகிரியைத் தாண்டுவதில்லை, மெல்லிய சுவர் நிரம்பாமல் நிற்கிறது. சார்ஜிங் கதவில் நீலத் தீ அதிகம். கோக் கட்டி 25–60 மி.மீ. காற்றைக் கூட்டலாமா?

காட்பாடி_உலை:
காற்றில் கை வைக்காதீங்க சார். 25–60 ஊதுலைக்கு (தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் உலை) போகிற சைஸ். குப்போலாவுக்கு உள்விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது வேணும், உங்களுக்கு 75–100 மி.மீ. சின்னக் கட்டிக்கு மேற்பரப்பு அதிகம். டுயருக்கு (காற்று ஊதும் துளை) மேலே உண்டாகிற கார்பன் டைஆக்சைடு அந்தக் கோக்கையே தின்று மோனாக்சைடு ஆகும், சூட்டையும் உறிஞ்சிக்கும். நீங்க பார்க்கிற நீலத் தீ அதுதான். பெட் (உலையின் அடியில் போடுற கோக் படுகை) கரைஞ்சு இறங்க இறங்க இரும்பு டுயர் பக்கத்திலேயே உருகும்.

ஸ்லாக்கை (இரும்பு மேலே மிதக்கிற கசடு) பாருங்க. பாட்டில் பச்சையா இருந்தா பரவாயில்லை. கன்னங்கரேல்னு நுரைச்சு வந்தா இரும்பே எரியுதுன்னு அர்த்தம்.

பழைய பெரிய கட்டி மிச்சமிருந்தா பெட்டுக்கு மட்டும் போடுங்க. டுயருக்கு மேலே 90 செ.மீ., மேலேருந்து சங்கிலி விட்டு அளக்கணும். புதுசில் 40 மி.மீ.க்குக் கீழே உள்ளதைச் சலிச்சுத் தள்ளுங்க. ஐந்து சார்ஜுக்கு ஒருமுறை 40 கிலோ கோக் தனியா. சுண்ணாம்புக்கல் கோக் எடையில் கால் பங்கு. சாம்பல் அதிகம்னா இன்னும் கொஞ்சம்.

கோக்_ஓவன்:
கட்டி சின்னதாவது நிலக்கரியைக் கோக்காகச் சுடும் அடுப்பில்தான். தார், வாயு போன்ற துணைப்பொருள் எடுக்கும் அடுப்பில் அறை அகலம் 400–450 மி.மீ., 16–20 மணி நேரத்தில் தள்ளிவிடுவார்கள். வேகமாகச் சுட்டால் விரிசல் விழுந்து கட்டி சின்னதாக உடையும். வார்ப்புக் கோக்குக்குச் சுவர்ச் சூட்டைக் குறைத்து 24 மணி நேரத்துக்கு மேல் வேகவிட வேண்டும். ஒரு டன் நிலக்கரிக்கு ஏறக்குறைய 750 கிலோ கோக், 30–40 கிலோ தார், 300 கனமீட்டருக்கு மேல் வாயு. அமோனியாவும் பென்சாலும் (பென்சீன் கலந்த எண்ணெய்) அந்த வாயுவிலிருந்துதான் பிரிகின்றன. 'தார் எடுத்த கோக்கில் சத்து இல்லை' என்பது வெறும் பேச்சு. வாயுவை அடுப்பிலேயே எரித்தாலும் தார் கோக்கில் தங்கப்போவதில்லை. இரண்டு கட்டியைத் தட்டுங்கள்: வெந்தது கணீர் என்னும், வேகாதது மொத்தென்று கேட்கும்.

வாலாஜா_லேப்:
ஈரமும் பாருங்க. ஐப்பசி மழையில் நனைந்த லோடில் 10 சதவீதம் தண்ணீர் இருந்தால் உங்கள் 40 கிலோவில் கோக் 36தான். தண்ணீர் மேலேயே ஆவியாகிவிடும், அடி விழுவது எடையில். ஒரு கிலோவை 105 டிகிரியில், எடை இறங்காமல் நிற்கும்வரை உலர்த்துங்க. மாதிரியை லாரியின் அடியிலிருந்தும் அள்ளணும், ஈரம் அங்கேதான் தேங்கும்.